இரண்டாவது பூட்டின் திறவுகோல் எவர் கையில்?

புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பமொன்றின் பெறுமதிமிக்க ஆவணங்கள் எங்கே உள்ளன என்று கேட்டால், முன்னைய தலைமுறை அலுமாரியைச் சுட்டிக்காட்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, திருமணப் பதிவு, ஊரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாலைந்து ஒளிப்படங்கள் ஆகியவை அங்கேதான் இருந்தன. இன்றைய நிலை வேறு. வதிவிட அனுமதி தொடர்பான கடிதங்கள், மருத்துவமனை அறிவித்தல்கள், பிள்ளைகளின் பாடசாலைப் பதிவுகள், இறந்துபோன பெற்றோரின் கடைசி ஒளிப்படங்கள் ஆகிய அனைத்தும் ஒரு மின்னஞ்சல் கணக்கின் பின்னால் குவிந்து கிடக்கின்றன. அக்கணக்கைப் பெரும்பாலான வீடுகளில் ஒரேயொரு கடவுச்சொல் மட்டுமே காத்து நிற்கின்றது. அக்கடவுச்சொல்லும் பெரும்பாலும் பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த ஒன்றாகவே இருக்கின்றது.

ஒரு கடவுச்சொல் போதாது என்பதை இப்போது பலரும் அறிவர். "இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள்" என்று ஒவ்வொரு இணையச் சேவையும் வற்புறுத்துகின்றது. நாமும் அதை இயக்கிவிட்டு, கைத்தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கங்களைத் தட்டச்சு செய்துவிட்டுக் கடந்து செல்கின்றோம். ஆனால் அந்த ஆறு இலக்கங்கள் எங்கிருந்து வருகின்றன? அவற்றைப் பிறப்பிக்கும் திறவுகோல் எவருடைய கையில் இருக்கின்றது? அந்தத் தொலைபேசி தொலைந்தால், இலக்கம் மாறினால், அதை வைத்திருந்தவர் எம்மை விட்டுப் பிரிந்தால் என்ன நடக்கும்? இக்கேள்விகளை நாம் எழுப்புவதில்லை. இரண்டாவது பூட்டைப் போட்டால் மட்டும் போதாது. அதன் திறவுகோலை நாமே அறிந்து, நாமே பேணி, நம்பிக்கைக்குரிய இன்னொருவரிடமும் ஒப்படைத்து வைக்க வேண்டும். இதற்கு எமது இளையோர் கற்றுக்கொள்ள வேண்டிய எளிமையான கட்டளை வரிக் கருவி ஒன்று உள்ளது. இக்கட்டுரை அதைப் பற்றியதே.

எமது மூத்தோருக்குப் புதியதல்ல

இருபடிச் சரிபார்ப்பு என்றதும் "இது பிள்ளைகளின் விடயம், எமக்கு விளங்காது" என்று ஒதுங்கிக்கொள்ளும் பெற்றோர் பலர். ஆனால் யேர்மனியில் நீண்டகாலம் வாழ்ந்த எம்மவர்கள் வங்கிகள் தபாலில் அனுப்பிய 'டான்' பட்டியலை மறந்திருக்க மாட்டார்கள். வரிசை வரிசையாக எண்கள் அச்சிடப்பட்ட தாள் அது. பணம் அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அதிலுள்ள ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த எண் மீண்டும் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடுப்பனவுச் சேவை விதிகளின்படி 2019 செப்டெம்பர் 14 உடன் அத்தாள்கள் வழக்கொழிந்தன. டென்மார்க்கில் 2010 இல் அறிமுகமான நெம்ஐடி முறையும் குறியெண்கள் அச்சிட்ட அட்டையொன்றையே மக்களுக்கு வழங்கியது. இன்று அதன் இடத்தில் மிட்ஐடி இருக்கின்றது.

ஆக, எமது பெற்றோர் பல ஆண்டுகளாக இருபடிச் சரிபார்ப்பைக் கையாண்டு வந்தவர்களே. மனதில் இருப்பது ஒன்று, கையில் இருப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இதுவே அதன் முழுத் தத்துவமும். அன்று அந்தத் தாள் எமது வீட்டு அலுமாரியில் இருந்தது. அது எங்கே இருக்கின்றது என்று கணவனுக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். இன்று அத்தாளின் இடத்தைப் பிடித்திருக்கும் திறவுகோல் எங்கே இருக்கின்றது என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. மாற்றம் இதுதான், இழப்பும் இதுதான்.

ஒற்றைப் பூட்டின் விலை

2012 ஆகஸ்ட் மாதத்தில் வயர்ட் சஞ்சிகையின் எழுத்தாளர் மட் ஹோனன் என்பவருக்கு நேர்ந்தது உலகெங்கும் பேசப்பட்டது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளை ஏமாற்றி அவரது ஒரு கணக்கினுள் நுழைந்தவர்கள், அங்கிருந்து அடுத்த கணக்கிற்குத் தாவினார்கள். கூகுள் கணக்கு அழிக்கப்பட்டது. கைத்தொலைபேசியும் மடிக்கணினியும் தொலைவிலிருந்தே துடைத்தெடுக்கப்பட்டன. அவருடைய மகளின் மழலைப் பருவ ஒளிப்படங்களும் அவற்றோடு போயின. பின்னர் தரவு மீட்பு வல்லுநர்களின் உதவியால் அவற்றில் பெரும்பகுதியை அவர் மீட்டெடுத்தார் எனினும், கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கியிருந்தால் இவையெதுவும் நிகழாதிருந்திருக்கலாம் என்று அவரே எழுதினார். தொழில்நுட்பத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இந்நிலை என்றால், எமது பெற்றோரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

சரி, குறுஞ்செய்தி வழியாக வரும் குறியெண் போதாதா? ஒன்றுமே இல்லாதிருப்பதை விட அது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் திறவுகோல் எமது கையில் இல்லை. தொலைபேசி நிறுவனத்தின் கையில் இருக்கின்றது. நிறுவன ஊழியர் ஒருவரை ஏமாற்றி எமது இலக்கத்தைத் தமது சிம் அட்டைக்கு மாற்றிக்கொள்பவர், எமக்கு வரவேண்டிய குறியெண்களையும் பெற்றுவிடுகின்றார். 2019 ஆகஸ்ட் 30 அன்று, டுவிட்டர் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக அப்போதிருந்த ஜாக் டோர்சியின் சொந்தக் கணக்கே அவரது தொலைபேசி இலக்கம் பிறர் வசமானதால் கைப்பற்றப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலும், தொலைபேசி வலையமைப்பு வழியாகக் குறியெண் அனுப்பும் முறையைக் கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த வேண்டியவற்றின் வகையில் சேர்த்தது.

எமக்கு இதைவிட நெருக்கமான இன்னொரு காரணமும் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது வெளிநாட்டு சிம் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளூர் அட்டையைப் போட்டுக்கொள்வது எம்மவர் வழக்கம். அங்கே புதிய கணினி ஒன்றில் மின்னஞ்சலைத் திறக்க முயன்றால், குறியெண் கழற்றி வைத்த இலக்கத்திற்குச் செல்கின்றது. விமானப் பயணச்சீட்டும் காப்புறுதிப் பத்திரமும் அந்த மின்னஞ்சலுக்குள்ளேயே இருக்கும். பூட்டு எம்மையே வெளியே நிறுத்திவிடுகின்றது!

ஆறு இலக்கங்களின் பிறப்பு

குறுஞ்செய்திக்கு மாற்றாக இருப்பது, நேரத்தை அடிப்படையாகக் கொண்ட ஒருமுறைக் கடவெண். கைத்தொலைபேசிச் செயலியில் முப்பது வினாடிக்கொருமுறை மாறிக்கொண்டிருக்கும் ஆறு இலக்கங்கள் இவையே. இதை ஏதோ ஒரு பெருநிறுவனத்தின் மந்திரம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது எவரும் படித்தறியக்கூடிய பகிரங்கத் தரநிலை ஆகும். இதன் அடித்தளத்தை இணையப் பொறியியல் பணிக்குழு 2005 டிசம்பரில் 4226 ஆம் இலக்க ஆவணமாகவும், நேரத்தைச் சேர்த்த வடிவத்தை 2011 மே மாதத்தில் 6238 ஆம் இலக்க ஆவணமாகவும் வெளியிட்டது.

இது இயங்கும் விதம் எளிது. நீங்கள் இருபடிச் சரிபார்ப்பை இயக்கும் வேளையில், சேவை வழங்குநர் உங்களுக்கென ஓர் இரகசியத் திறவுகோலை உருவாக்குகின்றார். திரையில் தோன்றும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட கியூஆர் படத்தினுள் ஒளிந்திருப்பது அதுவே. அத்திறவுகோல் வழங்குநரிடம் ஒன்றும் உங்களிடம் ஒன்றுமாக இரு பிரதிகளாக இருக்கும். இனி, 1970 சனவரி 1 ஆம் நாள் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவிலிருந்து இக்கணம் வரை எத்தனை முப்பது வினாடிகள் கடந்துள்ளன என்பதை இரு பக்கமும் எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையையும் திறவுகோலையும் ஒரு கணிதச் செயற்பாட்டினுள் இட்டு, வெளிவரும் விடையை ஆறு இலக்கங்களாகச் சுருக்குகின்றன. இரு பக்க விடையும் ஒன்றானால் கதவு திறக்கின்றது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, குறியெண்ணை உருவாக்க இணையத் தொடர்பு தேவையில்லை, தொலைபேசி இலக்கமும் தேவையில்லை. திறவுகோலும் சரியான மணிக்கூடும் இருந்தாலே போதும். இரண்டாவது, உலகப் பொது நேரமே கணக்கில் கொள்ளப்படுவதால், யாழ்ப்பாணத்தில் அதிகாலையாகவும் ரொறன்ரோவில் முன்னைய நாளின் மாலையாகவும் இருக்கும் அதே கணத்தில், ஒரே திறவுகோலை வைத்திருக்கும் இருவருக்கும் ஒரே ஆறு இலக்கங்களே கிடைக்கும். பல நாடுகளில் சிதறி வாழும் எமக்கு இந்த இயல்பு எத்துணை பயனுடையது என்பதைப் பின்னர் காண்போம்.

கட்டளை வரியில் ஒரு கருவி

இக்கணக்கை எமது கண்முன்னே செய்து காட்டும் கருவியின் பெயர் ஓத்டூல். ஆங்கிலத்தில் ஓ, ஏ, ரி, எச் ஆகிய நான்கு எழுத்துகளோடு 'டூல்' என்னும் சொல்லை இடைவெளியின்றிச் சேர்த்து எழுத வேண்டும். சுவீடனைச் சேர்ந்த சைமன் யோசெப்சன் உருவாக்கிப் பராமரித்து வரும் ஓத் டூல்கிட் என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பின் ஒரு பகுதி இது. இதற்குக் கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்க வேண்டியதும் இல்லை. இதன் மூல நிரலை எவரும் வாசித்துப் பார்க்கலாம்.

நிறுவுதல் ஒரு வரி வேலையே. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் முனையச் சாளரத்தைத் திறந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் ஓத்டூல்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்தால் போதும். ஃபெடோராவில் 'ஆப்ட்' என்பதற்குப் பதிலாக 'டிஎன்எஃப்'. ஆப்பிள் கணினி வைத்திருப்போர் ஹோம்புரூ என்னும் நிறுவியின் துணையுடன் 'புரூ இன்ஸ்டோல்' என்று எழுதி, அடுத்து முழுத் தொகுப்பின் பெயரை ஓத், டூல்கிட் ஆகிய இரு சொற்களுக்கிடையே ஒரு சிறுகோடிட்டு எழுத வேண்டும். விண்டோஸ் பயன்படுத்துவோர், அதனுள்ளேயே லினக்ஸை இயக்க மைக்ரோசொஃப்ட் வழங்கும் துணையமைப்பை முதலில் நிறுவிக்கொண்டு, உபுண்டுவுக்குரிய வழியையே பின்பற்றலாம்.

நிறுவியதும் அதை நம்புவதற்கு முன்னர் சோதித்துப் பார்க்க வேண்டும். மேற்கூறிய 4226 ஆம் ஆவணத்தின் பிற்சேர்க்கையில் ஒரு பரீட்சார்த்தத் திறவுகோலும் அதற்குரிய சரியான விடைகளும் தரப்பட்டுள்ளன. முனையத்தில் ஓத்டூல் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 3132333435363738393031323334353637383930 என்ற நாற்பது இலக்கங்களையும் இட்டு நுழைவு விசையை அழுத்துங்கள். 755224 என்று விடை வந்தால் உங்கள் கருவி தரநிலையின்படி இயங்குகின்றது என்று பொருள். எந்த நிறுவனத்தின் உறுதிமொழியையும் நம்ப வேண்டியதில்லை. விடையை நீங்களே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்குக்கூட இக்கணம் ஒரு நல்ல பாடமாக அமையும்.

அடுத்தது உண்மையான கணக்கு. சேவை வழங்குநரின் பாதுகாப்பு அமைப்புப் பக்கத்தில் செயலி வழியான சரிபார்ப்பைத் தெரிவு செய்தால் கியூஆர் படம் தோன்றும். அதன் அருகே "படத்தைப் பிடிக்க முடியவில்லையா" என்ற பொருளில் ஓர் இணைப்பு பெரும்பாலும் இருக்கும். அதைச் சொடுக்கினால் திறவுகோல் எழுத்து வடிவில் வெளிப்படும். ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும், 2 முதல் 7 வரையான ஆறு இலக்கங்களும் மட்டுமே அதில் வரும். சுழியமும் ஒன்றும் எழுத்துகளோடு மயங்கும் என்பதால் அவை தவிர்க்கப்பட்டுள்ளன. ஓத்டூலுக்கு இரண்டு குறிப்புகளைக் கொடுக்க வேண்டும். இரு சிறுகோடுகளை இட்டு ரி-ஓ-ரி-பி என்று எழுதினால் நேர அடிப்படையிலான கணக்கு என்று அது புரிந்துகொள்ளும். ஒரு சிறுகோடிட்டு 'பி' என்னும் சிறிய எழுத்தை எழுதினால் திறவுகோல் மேற்சொன்ன முப்பத்திரண்டு குறிகளால் ஆனது என்று அறிந்துகொள்ளும். விடையாக வரும் ஆறு இலக்கங்களை அப்பக்கத்தில் இட்டால் இணைப்பு முற்றுப்பெறும். கணினியின் மணிக்கூடு இணையத்தோடு ஒத்திசைந்து ஓட வேண்டும் என்பதை மறக்கலாகாது. ஓரிரு நிமிடங்கள் பிந்தினாலே குறியெண் செல்லாது.

திறவுகோலை எங்கே வைப்பது?

முக்கியமான எச்சரிக்கை இது. திறவுகோலைக் கட்டளை வரியிலேயே வெளிப்படையாகத் தட்டச்சு செய்தால், கணினி தான் நிறைவேற்றிய கட்டளைகளைக் குறித்துவைக்கும் ஏட்டில் அதுவும் பதிவாகிவிடும். எனவே திறவுகோலை ஒரு கோப்பில் இட்டு, அக்கோப்பை மறையாக்கம் செய்து வைப்பதே முறை. இதற்கு யேர்மனியரான வேர்னர் கோக் தொடக்கிய குனு பிரைவசி கார்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் உதவும். அதன் கட்டளை ஜி-பி-ஜி என்னும் மூன்று எழுத்துகள். அதனோடு ஒரு சிறுகோடும் 'சி' எழுத்தும் சேர்த்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், ஒரு கடவுத்தொடரைக் கேட்டு அக்கோப்பின் பூட்டிய பிரதியை உருவாக்கும். பூட்டாத மூலக் கோப்பை உடனே அழித்துவிட வேண்டும். குறியெண் தேவைப்படும்போது பூட்டிய கோப்பைத் திறந்து, அதன் உள்ளடக்கத்தை நேரே ஓத்டூலுக்குக் குழாய்வழி அனுப்பலாம். திறவுகோல் வரும் இடத்தில் தனியொரு சிறுகோட்டை இட்டால், புதிய பதிப்புகள் அதைக் குழாய்வழியே பெற்றுக்கொள்ளும். இவற்றை ஒரு வரிக் குறுங்கட்டளையாக எழுதி வைத்துக்கொள்வது இளையோருக்கு அரைமணி நேரப் பயிற்சியே.

இவை அனைத்திற்கும் மேலாக, ஒரு தாள் பிரதி இருக்க வேண்டும். திறவுகோலையும், சேவை வழங்குநர் தரும் மீட்புக் குறியெண்களையும் தெளிவாக எழுதி, உறையிலிட்டு, கடவுச்சீட்டுகளும் காணி உறுதியும் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். கணினி பழுதடையும், தொலைபேசி தண்ணீரில் விழும், தாள் இருக்கும்.

எழும் மறுப்புகள்

"கைத்தொலைபேசிச் செயலி ஒன்றே போதுமே, இத்தனை சிரமம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நாளாந்தப் பயன்பாட்டிற்குச் செயலி போதும். எழுபது வயதுத் தாயாரிடம் முனையச் சாளரத்தைத் திறக்கச் சொல்வது பேதைமை. ஆனால் செயலியை மட்டுமே நம்பியிருப்பவர் அச்செயலியின் ஆயுளையும் சேர்த்தே நம்பியிருக்கின்றார். ஆத்தி என்னும் பரவலான செயலியின் மேசைக்கணினி வடிவம் 2024 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. திறவுகோல்களை வெளியே எடுத்துச் செல்லும் வசதியை அது பயனர்களுக்கு வழங்கியிருக்கவில்லை. அதில் மட்டுமே திறவுகோல்களை வைத்திருந்தோர் வேறு செயலிக்கு மாறுவதற்குக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் புதிதாய் அமைக்க நேர்ந்தது. திறவுகோலைத் தாமே குறித்து வைத்திருப்பவருக்கு அக்கவலை இல்லை. செயலி போனால் ஓத்டூல் உண்டு. ஓத்டூல் இல்லாத கணினியானால், அதே தரநிலையைப் பின்பற்றும் வேறொரு கருவி உண்டு.

"கடவுச்சொல்லும் திறவுகோலும் ஒரே கணினியில் இருந்தால் இரண்டு பூட்டு என்பது ஒன்றாகிவிடாதா?" என்பது இன்னொரு மறுப்பு. இது முற்றிலும் நியாயமானது. கணினி பிறர் கைக்குப் போனால் இரண்டும் சேர்ந்தே போகும் நிலை ஏற்படலாகாது. ஆதலால் கடவுச்சொற்களை ஒரு கணினியிலும், பூட்டிய திறவுகோல் கோப்பை வேறொரு கணினியிலோ யூஎஸ்பி சேமிப்பகத்திலோ வைப்பது நல்லது. அது இயலாதவர்கள் கடவுத்தொடரை நீளமானதாக வைத்து, அதை வேறெங்கும் பயன்படுத்தாதிருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பே மிகவும் கனதியானது. ஆறு இலக்கங்களையும் ஏமாற்றிப் பறித்துவிடலாம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் ஆய்வுக்கூடம் 2015 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு, புலம்பெயர்ந்து வாழும் ஈரானியச் செயற்பாட்டாளர்களைக் குறிவைத்து நடந்த முயற்சிகளை விவரித்தது. "உங்கள் கணக்கினுள் யாரோ நுழைய முயன்றுள்ளனர்" என்று முதலில் ஓர் அறிவித்தல் வரும். பதற்றமடைந்தவர் இணைப்பைச் சொடுக்கினால் உண்மையானதைப் போன்ற போலிப் பக்கம் திறக்கும். அவர் கடவுச்சொல்லை இட்டவுடன் தாக்குபவர் அதை உண்மையான பக்கத்தில் இடுவார். குறியெண் வந்ததும் அதையும் அப்போலிப் பக்கமே கேட்டு வாங்கும். சிலரைத் தொலைபேசியில் அழைத்தும் பேசியிருக்கின்றார்கள். எம்மைப் போலவே தாயகத்தை விட்டுச் சிதறி வாழும் ஒரு சமூகத்திற்கு நேர்ந்தது இது என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

ஆகவே, குறியெண்ணை எவர் கேட்டாலும் கொடுக்கலாகாது. வந்த இணைப்பின் வழியாகச் செல்லாமல் முகவரியைத் தாமே தட்டச்சு செய்து நுழைய வேண்டும். இதைவிட வலிமையானவை ஃபைடோ தரநிலையில் அமைந்த பாதுகாப்புத் திறவுகோல்களும் பாஸ்கீ எனப்படும் முறையும் ஆகும். அவை இணையத்தள முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் போலிப் பக்கத்தில் இயங்கமாட்டா. வாய்ப்புள்ள இடங்களில் அவற்றையே தெரிவு செய்யுங்கள். ஆயினும் ஆறு இலக்க முறையை மட்டுமே ஏற்கும் சேவைகள் இன்னமும் ஏராளம். அதுவரை அதைச் சரியாகக் கையாள அறிந்திருப்பது எமது கடமை.

எமது சங்கங்களின் நிலை

இனி நான் சொல்ல வந்ததன் மையத்திற்கு வருகின்றேன். தனிமனிதரின் கணக்கு பறிபோனால் ஒரு குடும்பம் பாதிக்கப்படும். ஆனால் எமது பொது அமைப்புகளின் கணக்குகள்? தமிழ்ப் பாடசாலை, ஊர் ஒன்றியம், பழைய மாணவர் சங்கம், ஆலய பரிபாலன சபை ஆகியவற்றில் மின்னஞ்சல் கணக்கை எவரோ ஒரு தொண்டர் பல ஆண்டுகளுக்கு முன்னர் தமது சொந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துத் திறந்து வைத்திருப்பார். உறுப்பினர் பட்டியல், கணக்கறிக்கைகள், மாணவர் பதிவேடுகள், ஆண்டுவிழா ஒளிப்படங்கள், ஊரிலுள்ள பாடசாலைக்கு அனுப்பிய உதவிகளின் பற்றுச்சீட்டுகள் என அனைத்தும் அதற்குள்ளே இருக்கும். அவர் வேறு நாட்டிற்குக் குடிபெயர்கின்றார். அல்லது கருத்து வேறுபாட்டால் விலகுகின்றார். அல்லது நோயுற்றுக் காலமாகின்றார். குறியெண் இனி எவருக்கும் எட்டாத ஓர் இலக்கத்திற்குப் போய்க்கொண்டிருக்கும். இருபது ஆண்டு கால உழைப்பின் பதிவு ஒரு கணத்தில் மூடிக்கொள்கின்றது. இதில் தீயவர் எவருமில்லை. சங்கத்தின் திறவுகோலைச் சங்கத்தின் சொத்தாகக் கருதாத எமது பழக்கமே காரணம்.

ஆலயத்தின் களஞ்சியத் திறவுகோல் எவரிடம் இருக்கின்றது என்று பரிபாலன சபையின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் தெரியும். அதே ஒழுங்கை மின்னஞ்சலுக்கும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே எனது வேண்டுகோள். ஒவ்வொரு அமைப்பும் அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே பின்வருவனவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றலாம்.

முதலாவது, அமைப்பின் கணக்கு எவருடைய சொந்தத் தொலைபேசி இலக்கத்தையும் மட்டுமே நம்பி இருக்கலாகாது. குறுஞ்செய்திக்குப் பதிலாக நேர அடிப்படையிலான முறைக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, மாற்றும் வேளையில் வெளிப்படும் திறவுகோலைப் பொறுப்பானவர் இருவராவது வைத்திருக்க வேண்டும். ஒருவர் ஒஸ்லோவிலும் மற்றவர் இலண்டனிலும் இருந்தாலும் இருவருக்கும் ஒரே குறியெண்ணே வரும் என்பதை மேலே கண்டோம். தலைவர் தமது கைத்தொலைபேசிச் செயலியில் வைத்திருக்கட்டும். செயலாளர் தமது கணினியில் ஓத்டூலுடன் வைத்திருக்கட்டும்.

மூன்றாவது, திறவுகோலின் தாள் பிரதியும் மீட்புக் குறியெண்களும் முத்திரையிட்ட உறையில் அமைப்பின் ஆவணங்களோடு பேணப்பட வேண்டும். உறை எங்கே இருக்கின்றது என்பது கூட்ட அறிக்கையில் குறிக்கப்பட வேண்டும், உள்ளிருப்பது குறிக்கப்படலாகாது.

நான்காவது, நிர்வாகம் மாறும்போது கடவுச்சொல்லோடு திறவுகோலும் புதிதாக மாற்றப்பட வேண்டும். விலகுபவர் மீது ஐயம் கொள்வதாக இது ஆகாது. வீடு மாறும்போது பூட்டை மாற்றுவது போன்றதே இது. அவரையும் பொறுப்பிலிருந்து விடுவிக்கின்றது.

இரு தலைமுறைக்கும் ஒரு பணி

பெற்றோருக்கு ஒரு சொல். எமது வீடுகளில் கணினி தொடர்பான எதையும் "தம்பி, இதை ஒருக்கால் செய்து தா" என்று பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுகின்றோம். பிள்ளையும் அவசரத்தில் தனது இலக்கத்தையே கொடுத்துக் காரியத்தை முடித்துவிடுகின்றான். தாயின் மின்னஞ்சல் பிள்ளையின் தொலைபேசியில் தொங்கிக்கொண்டிருக்கும். அவன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபின் தாய் தனது மருத்துவரின் கடிதத்தைத் திறப்பதற்கும் மகனின் ஓய்வுநேரத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். வளர்ந்த மனிதருக்கு இது அழகன்று. பிள்ளையிடம் உதவி கேளுங்கள். ஆனால் என்ன செய்தான் என்று விளக்கச் சொல்லுங்கள். உறையை உங்கள் கையில் வைத்திருங்கள்.

இளையோருக்கும் ஒரு சொல். கட்டளை வரி என்பது பழைமையான, கடினமான ஒன்று என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மென்பொருள் துறையில் நுழைய விரும்பும் எவருக்கும் அது தவிர்க்க இயலாதது. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளமும் தன்னிடம் நிரல் பங்களிப்போர் இருபடிச் சரிபார்ப்பை இயக்க வேண்டும் என்ற விதியை 2022 இல் அறிவித்து, 2023 இல் படிப்படியாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. அதற்காக எப்படியும் நீங்கள் கற்கப்போகும் ஒன்றை உங்கள் வீட்டிற்காகவும், நீங்கள் அகரம் பயின்ற தமிழ்ப் பாடசாலைக்காகவும் முதலில் செய்து பாருங்கள். செயலியைத் தொட்டுப் பெறும் ஆறு இலக்கங்கள் உங்களுக்கு எதையும் கற்பிப்பதில்லை. அதே எண்ணை முனையத்தில் நீங்களே பிறப்பித்து, தொலைபேசியில் தோன்றும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் இந்தப் பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது விளங்கும். விளங்கியவரை ஏமாற்றுவது கடினம்.

பெற்றோரே, இளையோரே! இந்த வார இறுதியில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். குடும்பத்தின் முதன்மை மின்னஞ்சல் கணக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டாவது பூட்டு எவருடைய இலக்கத்தில் இருக்கின்றது என்று பாருங்கள். திறவுகோலைப் பெற்று, சோதித்து, தாளில் எழுதி, உறையிலிட்டு, அது இருக்கும் இடத்தை வீட்டில் இருவராவது அறிந்திருக்கச் செய்யுங்கள். அடுத்த வாரம் உங்கள் சங்கத்தின் செயலாளரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். அவரால் உடனே பதில் சொல்ல முடியாவிட்டால், வேலை அங்கேயிருந்து தொடங்கட்டும்.